திரும்பி வந்த மடல்களின் செயலாளர்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, எங்கள் பொருளாளர் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனின் மகளே, பேரப்பிள்ளையே, வேலை உடுப்போடு நேரே இங்கு வந்திருக்கும் லிஃப்ட் கம்பெனித் தோழர்களே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வாராவாரம் ஒரே மடலைப் படித்துவந்த என் உறவுகளே, உங்கள் எல்லாருக்கும் கனத்த மனதோடு வணக்கம்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். சங்கத் தலைவர் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். வேறு ஆள் கிடைக்காமல் என் தலையில் கட்டிய பதவி அது. பிள்ளைகளின் கூச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை இது. ஆனாலும் இன்று பேச்சு நடுவில் நின்றுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள், மறுபடி கிளப்பிவிடுவேன்.

யாரை இழந்திருக்கிறோம் நாம்? நம் சங்கத்தின் அஞ்சல் செயலாளரை இழந்திருக்கிறோம். பட்டம் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டத்தால் அவரை யார் கூப்பிட்டீர்கள்? எல்லாருக்கும் அவர் பவுன்ஸ் அண்ணன். ஒருமுறை மருத்துவர் அம்மாவே கூட்டத்தில் வாய்தவறி, "பவுன்ஸ் அண்ணன் அவர்கள் இப்போது அறிக்கை வாசிப்பார்" என்று அறிவித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அண்ணன் எழுந்து வந்து ஒலிபெருக்கியைச் சரிசெய்தபடி, "பேரு வெச்சது நீங்க எல்லாரும். சோறு மட்டும் யாரும் போடல" என்றார். அந்தச் சிரிப்பொலி இதே மண்டபத்தில் கேட்டதுதான்.

இங்கே வந்திருக்கும் லிஃப்ட் கம்பெனித் தோழர்களுக்கும் உறவினர்களுக்கும் அவர் எங்களுக்கு என்ன செய்தார் என்று முழுதாகத் தெரிந்திருக்காது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு இரத்தம் எளிதில் உறையாது. விழுந்தால் வெளியே காயம் தெரியாது. உள்ளே, முட்டிக்குள், முழங்கைக்குள் இரத்தம் இறங்கி வீங்கும். உடனே ஒரு ஊசி மருந்து போட்டாக வேண்டும். அந்த மருந்து எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது. இந்த வாரம் எந்த மருந்தகத்தில் இருக்கிறது, எந்த மருத்துவமனையில் தீர்ந்துவிட்டது என்று விசாரித்து, வெள்ளிக்கிழமைதோறும் எல்லாக் குடும்பங்களுக்கும் நாங்கள் அனுப்பும் மின்னஞ்சல்தான் இருப்பு மடல். எங்களில் பலருக்கு வாரம் என்பதே அந்த மடலிலிருந்துதான் தொடங்குகிறது.

மடலை எழுதுவது பெருமையான வேலை. அதை அனுப்புவது சுலபமான வேலை. திரும்பி வருவதைப் பார்க்கும் வேலை இருக்கிறதே, அது யாருக்கும் வேண்டாத வேலை. அனுப்பிய மடல்களில் சில, "இந்தப் பெட்டி நிறைந்துவிட்டது" என்றும், "இப்படி ஒரு முகவரியே இல்லை" என்றும் எங்களிடமே திரும்பிவிடும். அதைத்தான் பவுன்ஸ் என்கிறோம். ஒரே முகவரியிலிருந்து சில முறை திரும்பினால் எங்கள் மென்பொருள் யாரையும் கேட்காமல் அந்த முகவரியைத் தடுத்துவிடும். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. திரும்புகிற மடல்கள் பெருகினால், கண்டவருக்கெல்லாம் குப்பை அனுப்புகிற கூட்டம் இது என்று அஞ்சல் நிறுவனங்கள் முடிவுகட்டி, மற்றவர்களுக்குப் போகிற மடலையும் நிறுத்திவிடும். அதனால் மென்பொருள் தடுப்பதை நாங்கள் யாரும் தவறாக நினைக்கவில்லை. பட்டியல் சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம்.

அந்தச் சந்தோஷம் எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? மூன்றாவது வரிசையில் ஒரு தாயும் மகனும் இருக்கிறார்கள். இதைச் சொல்ல அவர்கள் எனக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். அந்த மகன் சிறு பிள்ளையாக இருந்தபோது ஒரு பெரிய இரத்தக் கசிவுக்காக வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தான். தாய் இரவும் பகலும் கட்டிலருகே. மின்னஞ்சலை யார் திறப்பார்கள்? பெட்டி நிறைந்தது. மடல் திரும்பியது. மென்பொருள் தடுத்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் தாய் வெள்ளிக்கிழமைகளில் காத்திருந்தார். மடல் வரவில்லை. மடல் வராததற்கு அவர் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டார்? மருந்து எங்குமே இல்லை, அதனால்தான் அனுப்பவில்லை என்று நினைத்துக்கொண்டார். அடுத்த கசிவு முழங்கையில் வந்தபோது பனிக்கட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு பொறுத்திருந்தார். மருந்து அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. அந்தக் கை இன்றும் முழுதாக நீளாது.

யோசித்துப் பாருங்கள். யாருடைய பெட்டி நிறையும்? மடலைத் திறக்க நேரமில்லாதவருடைய பெட்டி. யாருக்கு நேரம் இருக்காது? பிள்ளை படுத்த படுக்கையாகக் கிடக்கிறவருக்கு. யாருக்கு மடல் உயிர்போகிற அவசரமோ, அவரைத்தான் முதலில் வெளியே தள்ளிக்கொண்டிருந்தோம்.

அந்தச் செய்தி கூட்டத்துக்கு வந்த நாளில் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். பேரனுக்காக அப்போதுதான் சங்கத்தில் சேர்ந்திருந்தவர். சட்டைப்பையில் திருப்புளி, விரலிடுக்கில் கிரீஸ். தன்னை லிஃப்ட் மெக்கானிக் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அன்று அவர் சொன்னதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

"லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா நாங்க போனதும் கதவத் தொட மாட்டோம். முதல்ல குரல் குடுப்போம். உள்ள யாரு இருக்கீங்க, நான் வந்துட்டேன், பயப்படாதீங்கன்னு. குரல் கேக்கலைன்னா உள்ள இருக்கிறவங்க கதவ நெம்பி கைய ஒடச்சுக்குவாங்க. அந்த அம்மாவுக்கு நாம குரலே குடுக்கலியே."

அப்படியானால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அங்கேயே அவர் தலையில் கட்டிவிட்டோம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அன்று ஏற்ற வேலையை அவர் கடைசிவரை இறக்கிவைக்கவே இல்லை.

அவர் கொண்டுவந்த முதல் வழக்கம் இது. எந்த முகவரியையும் நீக்குவதற்கு முன் அந்த வீட்டுக்கு ஒரு போன். வெள்ளிக்கிழமை மடல் போனதும், திரும்பி வந்தவற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "வணக்கம். இருப்பு மடல் சங்கத்திலேர்ந்து பேசறேன். உங்க மெயில் திரும்பி வருது. வீட்டுல எல்லாரும் நல்லாருக்கீங்களா?" இதுதான் அவருடைய முதல் வாக்கியம். இந்த மண்டபத்தில் அதைக் கேட்காத காது எத்தனை இருக்கும்? நீக்கும்போது மென்பொருள் ஒரு காரணம் கேட்கும். மற்றவர்களாக இருந்தால் வெறும் புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். இவர் எழுதுவார்: "குரல் கொடுத்தேன். வேறு ஊர் போகிறார்களாம், இனி வேண்டாம் என்றார்." "குரல் கொடுத்தேன். மாப்பிள்ளையின் முகவரிக்கு அனுப்பச் சொன்னார்."

போனை எடுக்காதவர்களைச் சும்மா விட்டாரா? அலுவலக முகவரி கொடுத்துவிட்டு வேலை மாறிப்போனவர்கள்தான் அவருக்குப் பெரிய தலைவலி. ஆனால் ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கையில்தானே இருந்தது! பராமரிப்புக்குப் போகிற சாக்கில் அந்தத் தளத்தில் இறங்கிக்கொள்வார். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், லிஃப்டில் ஏதோ சத்தம் வருகிறது என்று சொல்லி நுழைந்து, மூன்று மேசைக்காரர்களை விசாரித்து, ஒரு தந்தையின் புது எண்ணை வாங்கிக்கொண்டுதான் கீழே வந்தார். அந்த லிஃப்டில் ஒரு சத்தமும் இல்லை என்று அவர் கம்பெனித் தோழரே எனக்குச் சொன்னார். அதோ, சிரிக்கிறார் பாருங்கள்.

விடுமுறையில் இருக்கிறேன் என்று தானாகப் பதில் அனுப்புகிற ஒருவர் இருந்தார். வருடக்கணக்கில் அவர் விடுமுறையிலேயே இருந்தார். அண்ணன் அவருக்குப் போன் செய்து, "சார், லீவு போதும். உங்களப் பாத்தா எனக்கே வேலைக்குப் போக மனசு வரல" என்றார். அடுத்த வாரம் அந்தப் பதில் நின்றுவிட்டது.

இனி இரண்டாவது வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பொருளாளர் அண்ணன் பக்கத்திலேயே இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கு இளகிய மனசு. மடல் வேண்டாம் என்று தாங்களே விலகிப்போனவர்களை, பாவம், தெரியாமல் விலகியிருப்பார்கள் என்று எண்ணி ஒருநாள் மொத்தமாக மறுபடியும் சேர்த்துவிட்டார். அவர்களில் சிலருக்கு எரிச்சல் வந்தது. மடலின் மேலே ஸ்பேம் என்ற பொத்தான் இருக்கிறதே, இது குப்பை என்று அஞ்சல் நிறுவனத்துக்குப் புகார் சொல்கிற பொத்தான், அதை அழுத்திவிட்டார்கள். ஒரு பெரிய நிறுவனம் அந்த வாரம் எங்கள் மடல் முழுவதையும் நிறுத்திவைத்தது. ஏகப்பட்ட குடும்பங்களுக்கு மடல் போகவில்லை. நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து வீடுவீடாகப் போன் செய்து ஒருவழியாகச் சமாளித்தோம்.

அதன்பிறகு பவுன்ஸ் அண்ணன் ஒரு விதி போட்டார். மென்பொருள் தவறுதலாகத் தடுத்தவரை, விசாரித்துவிட்டு நாம் திறக்கலாம். தானாக விலகியவரையும், ஸ்பேம் என்று புகார் சொல்லித் தடைபட்டவரையும் நாம் திறக்கக் கூடாது. அவர்களே வந்து கேட்க வேண்டும். கேட்டால் அந்த நொடியே திறக்க வேண்டும். "உள்ளேர்ந்து சாத்தின கதவ வெளியிலேர்ந்து நெம்பக் கூடாது" என்றார். ஒருமனதாக ஏற்றுக்கொண்டோம். அந்த விதி முதலில் யார் வீட்டுக் கதவில் போய் இடிக்கும் என்று அன்று யாருக்குத் தெரியும்?

உறவுகளே, இனி நான் சொல்லப்போவது குடும்ப விஷயம். சொல்லலாமா என்று நேற்று அண்ணனின் மகளிடம் கேட்டேன். "சொல்லுங்க மாமா. நான் முன்னாடிதான் உக்காந்திருப்பேன். தப்பா சொன்னா திருத்துவேன்" என்றார். அப்பாவின் மகள் வேறு எப்படிப் பேசுவார்?

அண்ணனின் பேரனுக்கு சைக்கிள் மேல் ஆசை. தாய்க்கு பயம். விழுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் தாய்மார்களுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? தாத்தாவுக்கோ, பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் விளையாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்துவிடுவானோ என்ற கவலை. இரண்டு பேரும் பேசியது நியாயம்தான். அண்ணன் மகளிடம் சொல்லாமல் ஒரு சைக்கிள் வாங்கிவந்தார். முட்டிக்கு உறை, தலைக்கவசம், எல்லாம் மாட்டிவிட்டு, தானே பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். பிள்ளை விழுந்தான். இடுப்புக்குள் இரத்தம் இறங்கி, எழுந்து நடக்கவே நெடுநாள் ஆயிற்று.

மருத்துவமனை வாசலில் வைத்து மகள் ஒரே வார்த்தை சொன்னார். "இனிமே என் பையன் விஷயத்துல நீங்க தலையிடாதீங்கப்பா." அதற்குப் பிறகு அப்பாவோடு அவருக்குப் பேச்சு இல்லை. அந்த வெள்ளிக்கிழமை இருப்பு மடல் போயிற்று. மடலின் அடியில் அண்ணனின் பெயர் இருக்கும் அல்லவா? அதைப் பார்த்த ஆத்திரத்தில் மகள் ஸ்பேம் பொத்தானை அழுத்திவிட்டார். மென்பொருள் அவர் முகவரியைத் தடுத்தது. புகார் யாருக்கு வரும்? அஞ்சல் செயலாளருக்கு. தன் மகள் தன்னைக் குப்பை என்று சொன்ன செய்தி, முறைப்படி, அவர் கைக்கே வந்து சேர்ந்தது.

நான் அவர் வீட்டுக்கு ஓடினேன். கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளின் முகவரிக்கு எதிரே, தடையை நீக்கு என்று ஒரு பொத்தான் இருந்தது. அண்ணே, ஒரு தட்டு தட்டினால் முடிந்தது, யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், கேட்டிருக்க வேண்டாம் என்று ஆகிவிட்டது.

"நான் தொறந்தா அவ மறுபடியும் அதையே அழுத்துவா. அப்புறம் எல்லார் மடலும் நிக்கும். சரி, அழுத்தலைன்னே வெச்சுக்க. நாளைக்கு இன்னொருத்தர் வீட்டுல இப்படி ஆனா, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் அவங்களுக்கு ரூல் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. விதியைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்களே, பேரனுக்கு மருந்து வேண்டிய நாளில் மடல் வேண்டாமா என்று கத்தினேன். பேருந்துத் தொண்டை, கேட்க வேண்டுமா? அடுக்களையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "குரல் குடுக்க ரூல்ல தடை இல்ல. நான் பண்ணா எடுக்க மாட்டா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ ஒரு போன் பண்றியா, தம்பி? மருந்து எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுடு. நான் சொன்னதா சொல்லாத."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தியதும் அவர் மகளுக்குப் போன் செய்வேன். "சொல்லுங்க மாமா" என்பார். மருந்து இருக்கிற இடங்களைச் சொல்வேன். குறித்துக்கொள்வார். நன்றி சொல்வார். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஆனால் உடனே வைக்கவும் மாட்டார். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சும்மா இருப்போம். பிறகு, "சரி மாமா" என்று வைப்பார்.

அடுத்த நிமிடம் அண்ணனின் போன் வரும்.

"எடுத்தாளா?"

"எடுத்தா."

"குரல் எப்படி இருந்துச்சு?"

மருந்து கிடைத்ததா என்றுகூட இரண்டாவதாகத்தான் கேட்பார். குரல் நன்றாக இருந்தது என்பேன். ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது என்றால் அந்த வாரம் முழுவதும் அண்ணியைப் பிய்த்து எடுத்துவிடுவார். அண்ணி மகள் வீட்டுக்குப் போவார், வருவார். அண்ணன் தெருமுனை வரை கூடப் போய், அங்கே ஒரு கடை வாசலில் நின்றுவிட்டு, அண்ணியோடு திரும்பி வந்துவிடுவார். ஊரில் உள்ள கதவையெல்லாம் பழுதுபார்த்த மனிதர், அந்த ஒரு கதவின் முன்னால் வெறுங்கையோடு நின்றார். இப்படியே வருடங்கள் ஓடின. பேரன் உயரமாகிவிட்டான். அந்த சைக்கிள் அண்ணன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நின்றது. அவர் அதற்குக் காற்று அடிப்பதை மட்டும் விடவில்லை.

பிறகு நோய் வந்தது. எங்களிடம் மறைத்தார். மூச்சு வாங்கியபோது, மாடி ஏறியதால் என்றார். லிஃப்ட் மெக்கானிக் எதற்கய்யா மாடி ஏறுகிறார் என்று நாங்களும் கேலி செய்தோம். நுரையீரல் முழுதும் பரவிய பிறகுதான் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை திரும்பி வந்த மடல்களை நான் பார்க்க வேண்டியதாயிற்று. வரிசையில் ஒரு முகவரி: அண்ணனுடையது. பெட்டி நிறைந்துவிட்டது என்றிருந்தது.

ஒரு நொடி சிரிப்பு வந்தது. பவுன்ஸ் அண்ணனின் மெயிலே பவுன்ஸ் ஆகிறதா என்று. அடுத்த நொடி அது நின்றுவிட்டது. யாருடைய பெட்டி நிறையும் என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே. வழக்கப்படி போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார். அண்ணி என்று நினைத்து, அண்ணன் மெயில் திரும்பி வருகிறது அண்ணி என்றேன். "மாமா, நான்" என்றது அந்தக் குரல். எத்தனை வெள்ளிக்கிழமைகள் கேட்ட குரல் அது.

அம்மா சொல்லி, முதல்நாள்தான் வந்திருக்கிறார். வந்தாரே தவிர, பேச்சு தொடங்கவில்லை. அப்பா கட்டிலில், மகள் நாற்காலியில். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நான் போனில் திரும்பிய மடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் இடையில் நிறுத்தினார்.

"மாமா, வெள்ளிக்கிழமை நீங்க போன் பண்றீங்களே. சங்கத்துல எல்லாருக்கும் பண்றீங்களா?"

அண்ணன் என்னிடம் வாங்கிய வாக்கு நெஞ்சில் நின்றது. ஆனால் அந்தக் குரலிடம் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "உனக்கு மட்டும்தான்மா" என்றேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இந்தப் பெட்டிய எப்படிக் காலி பண்றது?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை அண்ணி சொல்லித்தான் அறிவேன். மகள் நாற்காலியைக் கட்டிலோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு, அப்பாவின் போனைத் திறந்து ஒவ்வொரு மடலின் தலைப்பாக வாசித்திருக்கிறார். அப்பா, இது கம்பெனி அறிவிப்பு, அழிக்கட்டுமா? அழி. இது தள்ளுபடி விளம்பரம். அழி. இது யாருடைய மடலோ திரும்பி வந்திருக்கிறது. இரு, அந்த வீட்டுக்குப் போன் போட்டாச்சா என்று பார். போடவில்லை என்றால் போடு. மகள் அங்கேயே உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குப் போன் செய்து, வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாராம். மன்னிப்பு என்ற வார்த்தையை இருவரில் ஒருவரும் உச்சரிக்கவில்லை என்கிறார் அண்ணி.

பெட்டி காலியானதும் மகள், "என்னையும் பட்டியல்ல சேத்துடுங்கப்பா" என்றிருக்கிறார். அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த மனிதர், வருடக்கணக்காக இந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்த மனிதர், "நான் சேக்கக் கூடாது. நீதான் அங்க போய்க் கேக்கணும்" என்றார். மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டதாம். தன் போனை எடுத்து, சங்கத்தின் பக்கத்தைத் திறந்து, தன் முகவரியைப் போட்டுக் கேட்டார். அந்த வேண்டுகோள் அடுத்த நொடி அப்பாவின் போனுக்கு வந்தது. அந்தப் போனும் மகளின் கையில்தான் இருந்தது. அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

அண்ணன் உடனே அழுத்தவில்லை. கதவைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்ததே.

"வணக்கம். இருப்பு மடல் சங்கத்திலேர்ந்து பேசறேன். நீங்கதான் கேட்டீங்களா?"

"ஆமாங்க. நான்தான் கேட்டேன்."

"வீட்டுல எல்லாரும் நல்லாருக்கீங்களா?"

மகளால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அண்ணன் பொத்தானை அழுத்தினார்.

ஐயோ, உறவுகளே, அந்த ஒரு அழுத்தலுக்காக அவர் எத்தனை வருடம் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டிருந்தார்! நம்மில் யாரால் முடியும்? நான் செய்திருக்க மாட்டேன். முதல் நாளே தட்டியிருப்பேன். அப்படித் தட்டியிருந்தால், அன்று மகள் தானாகக் கேட்ட அந்த வார்த்தை இந்த உலகத்தில் பிறந்திருக்காது. இன்னும் கொஞ்சம் முன்னதாகப் பிறந்திருக்கலாமே என்றுதான் என் மனம் அடித்துக்கொள்கிறது. மகளின் மனம் எப்படி அடித்துக்கொள்ளும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன் அண்ணன் போய்விட்டார். அந்த வார இருப்பு மடல் தவறாமல் போயிற்று. மகளுக்கும் போயிற்று. அடியில் அண்ணனின் பெயர் இருந்தது, எடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அதற்கடுத்த வாரங்களில் அண்ணனின் பெட்டி மறுபடி நிறைந்து மடல் திரும்பத் தொடங்கியது. என்ன செய்வது என்று செயற்குழு கூடினோம். பொருளாளர் அண்ணன் கண்கலங்கி, அவர் முகவரியை மட்டும் எடுக்க வேண்டாம், திரும்பினால் திரும்பட்டும், நினைவாக இருக்கட்டும் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்தபின் மனம் ஒப்பவில்லை. அவர் வழக்கத்தை அவருக்கே செய்யாமல் விட்டால் எப்படி? நேற்று மாலை வண்டியை நிறுத்திவிட்டு அவர் எண்ணுக்குப் போன் செய்தேன். அந்தப் போன் மகளிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேறு எதுவும் வாயில் வரவில்லை. "வணக்கம், இருப்பு மடல் சங்கத்திலேர்ந்து பேசறேன். உங்க மெயில் திரும்பி வருது" என்றேன்.

முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற மாதிரி, நிதானமாக மகள் சொன்னார். "அவர் இல்லீங்க. காலமாயிட்டார். எடுத்துடுங்க."

சொல்லிவிட்டு அவரே தொடர்ந்தார். "வெச்சிருந்தா மத்தவங்க மடலுக்குக் கெட்ட பேர் வரும் மாமா. அப்பா இருந்தா முதல் ஆளா அவர் பேரத்தான் எடுப்பார்." பொருளாளர் அண்ணன் என்னை மன்னிக்க வேண்டும். செயற்குழுவின் முடிவை நான் மீறிவிட்டேன். நேற்றே எடுத்துவிட்டோம். காரணம் கேட்டது மென்பொருள். மகள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: "குரல் கொடுத்தோம். மகள் எடுத்தார்."

அஞ்சல் செயலாளர் பதவிக்கு யார் என்று பலர் கேட்டீர்கள். நாங்கள் யாரையும் கேட்கவில்லை. ஒருவர் தானாக வந்து கேட்டார். கேட்டால் அந்த நொடியே திறக்க வேண்டும் என்பது விதி. முன்வரிசையில் இருக்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள். அவர் மகன் இன்று இந்த மண்டபத்துக்குத் தாத்தா வாங்கித் தந்த அந்த சைக்கிளை, இருக்கையை உயர்த்திக்கொண்டு, ஓட்டி வந்தான். தாய் பக்கத்திலேயே நடந்து வந்தார், பின்னால் பிடிக்கவில்லை. வாசலில் நிற்கிறது, போகும்போது பாருங்கள்.

பவுன்ஸ் அண்ணனே, உங்கள் படத்தின் முன் நின்று நாங்கள் உறுதி சொல்கிறோம். குரல் கொடுக்காமல் ஒருவரையும் நீக்க மாட்டோம். உள்ளிருந்து சாத்திக்கொண்டவரை நெம்ப மாட்டோம், விட்டுப்போகவும் மாட்டோம், வாசலிலேயே நிற்போம். வரும் வெள்ளிக்கிழமை மடல் போகும். உங்களிடமிருந்து எதுவும் திரும்பி வராது. அதை எப்படித் தாங்குவது என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

உறவுகளே, உங்களில் யாருடைய மடலாவது திரும்பி வந்தால் உங்கள் வீட்டில் போன் அடிக்கும். பழைய குரலாக இருக்காது. ஒரு பெண் குரல், வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்கும். தயவுசெய்து எடுத்துப் பதில் சொல்லுங்கள். ஒரு முறை அந்தக் கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியாமல் போனது.